சுடாதே என்று சொல்பவர்: போர் விளையாட்டு பற்றி வாசகர் கேள்வி – பதில்

மேசையிலும் கணினியிலும் ஆடப்படும் போர் விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி வேலூர், ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவை. அவற்றில் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: தலைவரின் திறனுக்கும், படைவீரர்கள் எப்போது சுடுகிறார்கள், எப்போது அடக்கிக்கொள்கிறார்கள் என்பதற்கும் உள்ள தொடர்பு. ஆகவே இந்த இதழின் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கணினியில் பிளட்டூன் (சில செக்‌ஷன்கள் சேர்ந்த சிறுபடை) அளவிலான போர் விளையாட்டு ஒன்றை ஆடி வருகிறேன். ஒரே அளவு அனுபவமுள்ள, பத்துப் பேர் கொண்ட இரண்டு செக்‌ஷன்களை ஒரு வரப்புக்குப் பின்னால் பதுக்கிவைத்து, எதிரி 100 மீட்டருக்குள் வரும்வரை சுட வேண்டாம் என்று கட்டளையிட்டேன். தலைமைத் திறன் +2 உள்ள செக்‌ஷன் காத்திருந்தது. −1 உள்ள செக்‌ஷன் 300 மீட்டரிலேயே சுடத் தொடங்கி, எதிரி கிட்டே வருவதற்குள் தோட்டாவைத் தீர்த்துவிட்டது. இது ஆட்டத்தின் பிழையா, என் பிழையா?
— கல்லூரி மாணவர், சத்துவாச்சாரி

ஆட்டத்தின் பிழை அன்று. உங்கள் பிழை பாதி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டை எங்கே வைத்தோமோ அங்கேயே நிற்கும். புலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் அது நடுங்காது. சதுரங்கத்துக் காலாளும் அப்படித்தான். சிறுபடைப் போர் விளையாட்டு அந்த மரபை விட்டு விலகுவது இந்த இடத்தில்தான். இங்கே காய்க்குப் பயம் உண்டு. ஆடுபவர் இட்ட கட்டளைக்கும் காய் செய்கிற செயலுக்கும் நடுவே ஒரு மனிதன் நிற்கிறான்.

வரப்புக்குப் பின்னால் படுத்திருப்பவனுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். எதிரில் முப்பது பேர் நடந்து வருகிறார்கள். அவன் கையில் துப்பாக்கி இருக்கிறது, குறியும் கிடைத்துவிட்டது. சும்மா இருப்பதுதான் அந்த நேரத்தில் உலகத்திலேயே கடினமான வேலை. விசையை அழுத்திவிட்டால் பயம் கொஞ்சம் இறங்கும். ஏதோ செய்துவிட்டோம் என்ற ஆறுதல் கிடைக்கும். ஆனால் 300 மீட்டரில், விலகி விலகி வருபவர்கள்மீது படும் தோட்டா குறைவு. சத்தம் கேட்டவுடன் அவர்கள் தரையில் விழுந்து மறைவு தேடிக்கொள்வார்கள், நீங்கள் இருக்கும் இடமும் தெரிந்துபோகும், அடுத்த சில நிமிடங்களில் அவர்களுடைய மோர்ட்டார் குண்டு உங்கள் வரப்பைத் தேடி வரும். அதே முதல் சூடு 100 மீட்டருக்குள், மறைவில்லாத வெட்டவெளியில் நிமிர்ந்து நடந்துவரும்போது அவர்கள்மேல் விழுந்தால், திருப்பிச் சுட நினைப்பதற்குள் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். பதுங்கித் தாக்குவதில் திடீரென்று வந்து விழும் அந்த முதல் சூட்டுக்குத்தான் முழு மதிப்பு, அது ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதை யாரும் முன்கூட்டியே செலவழித்துவிடாமல் காப்பவர் செக்‌ஷன் தலைவர். ஆகவே அவருக்கு ஆட்டம் கொடுக்கும் எண்ணைச் சுடும் திறனின் எண் என்று பார்க்காமல், சுடாமல் நிறுத்திவைக்கும் திறனின் எண் என்று படித்தால் பல புதிர்கள் அவிழும்.

+2 என்பது மிகச் சிறிய எண்ணாயிற்றே என்று தோன்றலாம். எளிய விதி ஒன்றை நாமே அமைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எதிரி கண்ணில் பட்டபின் ஒவ்வொரு முறையும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்குக் குறைவாக விழுந்தால் வீரர்கள் சூட்டை அடக்கிக்கொள்கிறார்கள், மிஞ்சினால் சுட்டுவிடுகிறார்கள். தலைவரின் எண்ணை அந்த 7உடன் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு பகடையில் விழக்கூடிய 36 வகைகளில் 7க்குள் வருபவை 21, 9க்குள் வருபவை 30, 6க்குள் வருபவை 15. ஒரு முறைக்கு மட்டும் பார்த்தால் இவை 58, 83, 42 விழுக்காடு. ஆனால் எதிரி 300 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு வர மூன்று முறை ஆகும் என்றால், மூன்று முறையும் அடக்கியாக வேண்டும் அல்லவா? அப்போது தலைவரே இல்லாத செக்‌ஷனுக்கு வாய்ப்பு சுமார் 20 விழுக்காடு. +2 தலைவருக்கு 58. உங்களுடைய −1 தலைவருக்கு வெறும் 7. காத்திருப்பு நீள நீள, சிறிய எண்ணின் வேறுபாடு வட்டிக்கு வட்டி போல ஏறிக்கொண்டே போகிறது.

உங்கள் பிழை இதுதான்: இரண்டு தலைவர்களுக்கும் ஒரே வேலையைக் கொடுத்தீர்கள். தலைமை குன்றிய செக்‌ஷனிடம் நீண்ட காத்திருப்பை ஒப்படைக்கக் கூடாது. அதை ஒரு திருப்பத்திலோ வீட்டுச் சுவருக்குப் பின்னாலோ, எதிரி 80 மீட்டருக்கு வந்த பிறகுதான் முதன்முதலில் கண்ணில் படுவான் என்ற இடத்தில் வையுங்கள். காணாத எதிரியைச் சுடும் ஆசை யாருக்கும் வராது. தலைவரால் முடியாததை நிலம் செய்துகொடுக்கும்.

என் மகனும் அவன் நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூடத்தில் அட்டையைப் பரப்பி ஆடுகிறார்கள். ‘மைனஸ் இரண்டு தலைவர் கிடைத்துவிட்டார்’ என்று கொண்டாடுகிறார்கள். மைனஸ் என்றால் குறை அல்லவா? அதில் என்ன கொண்டாட்டம்?
— ஒரு தாயார், குடியாத்தம்

அவர்கள் ஆடுவது ‘ஸ்குவாட் லீடர்’ குடும்பத்து ஆட்டமாக இருக்க வேண்டும். ஜான் ஹில் வடிவமைத்து அவலான் ஹில் நிறுவனம் 1977இல் வெளியிட்டது அது. 1985இல் அதன் விரிந்த வடிவம் வந்தது. அதில் பகடைத் தொகை குறையக் குறையத் தாக்குதல் பலிக்கும். நல்ல தலைவர் சூட்டை நடத்தும்போது அந்தத் தொகையிலிருந்து 1, 2 என்று கழித்துக்கொள்ளலாம். +1 எழுதிய தலைவர்களும் பெட்டியில் உண்டு. அவர்கள் வரும்போது உங்கள் மகன் முகத்தைப் பாருங்கள், கணக்கு புரிந்துவிடும்.

நான் தரைப்படையில் இருந்து ஓய்வுபெற்றவன். பேரன் ஆடும் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று பொறுக்கவில்லை. எப்போது, எங்கே, எவ்வளவு சுட வேண்டும் என்று சொல்வது கமாண்டருடைய வேலை. சொன்னதற்குமேல் ஒரு ரவுண்டும் சுடாமல் இருப்பது ஜவானுடைய பழக்கம். இரண்டும் வேறு வேறு. ஆட்டத்தில் இரண்டையும் ‘லீடர்ஷிப்’ என்ற ஒரே டப்பாவில் போட்டுவிட்டார்களே?
— ஓய்வுபெற்ற ஹவில்தார், கம்மவான்பேட்டை

ஐயா, பட்டாளத்து ஊர் என்றே பெயர் வாங்கிய ஊரிலிருந்து வந்த கடிதத்துக்குத் தகுந்த கூர்மை உங்கள் கேள்வியில் இருக்கிறது. நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. முன்னதைச் சூட்டுக் கட்டளை என்றும் பின்னதைச் சூட்டு ஒழுங்கு என்றும் வைத்துக்கொள்வோம். எந்தக் குழு, எவ்வளவு தூரம், எந்த இடம், எப்படிப்பட்ட சூடு என்ற வரிசையில் கட்டளை கொடுக்கத் தாங்கள் கற்றிருப்பீர்கள். அது ஒருவருடைய குரலில் இருப்பது. ஒழுங்கு, பத்துப் பேருடைய விரலில் இருப்பது. அது பயிற்சித் திடலில் பல மாதங்களில் விளைகிறதே தவிர, சண்டை நாளன்று எந்தத் தலைவராலும் ஊட்டிவிட முடியாது.

நல்ல ஆட்டங்கள் இந்த வேறுபாட்டை ஓரளவு காட்டத்தான் செய்கின்றன. 2000இல் தொடங்கிய ‘காம்பேட் மிஷன்’ வரிசையில் வீரர்களின் அனுபவத்துக்கு ஓர் அளவு, தலைவருக்கு வேறோர் அளவு. பிந்தைய பாகங்களில் போராடும் விருப்பத்துக்கும் தனி அளவு உண்டு; தலைமை −2 முதல் +2 வரை போகும். இவற்றை மாற்றி மாற்றி வைத்து ஆடிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த அபிப்பிராயம் இது: புதிதாகச் சேர்ந்த வீரர்களிடம் மிக நல்ல தலைவரைக் கொடுத்தால் முதல் சூட்டை அவர் காப்பாற்றிவிடுவார், அதற்குப் பிறகு நடப்பதை அவரால் காப்பாற்ற முடியாது. ஏன் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் சூடு வெடிக்கும்வரை மௌனம். ஒரு கிசுகிசுப்பு போதும், ஒரு கை அசைவு போதும். வெடித்த பின் பத்தடி தள்ளி இருப்பவனுக்கும் குரல் எட்டாது. குறியை மாற்று, மெதுவாகச் சுடு, நிறுத்து என்ற மூன்று கட்டளைகளும் அந்த இரைச்சலில்தான் வருகின்றன. அவற்றில் நிறுத்து என்பதுதான் காதில் விழுவதற்கு மிகவும் கடினமானது. அங்கே பழக்கம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாறாக, பழுத்த வீரர்களிடம் சுமாரான தலைவரை வைத்தால் அவருடைய தவறான கட்டளையைக்கூட அவர்கள் சிக்கனமாகவே நிறைவேற்றுவார்கள்.

ஆகவே பேரனிடம் ஒன்று சொல்லுங்கள்: தலைவருடைய எண்ணை முதல் சூட்டுக்கு முன்னும், வீரர்களின் அனுபவ எண்ணை அதற்குப் பின்னும் பயன்படுத்துமாறு வீட்டு விதி ஒன்று வைத்துக்கொள்ளட்டும். டப்பா இரண்டாகிவிடும்.

எங்கள் தொழிற்சாலை நண்பர்கள் நான்கு பேர் மாலையில் பலகை ஆட்டம் ஆடுகிறோம். மிகச் சிறந்த தலைவரை இயந்திரத் துப்பாக்கியோடு மாடியில் உட்கார்த்தி வைப்பவர்தான் எப்போதும் ஜெயிக்கிறார். அதுதான் சரியான இடமா?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

ஜெயிக்கிறார் என்றால் சரிதான், பல நாள். பலமான ஆயுதத்தோடு சேரும்போது அதே −2 அதிக வேலை செய்கிறது என்பதால் அந்தப் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. ஆனால் நீங்கள் ஆடுவதும் ‘ஸ்குவாட் லீடர்’ வகை என்றால் அதன் விதியை உற்றுப் பாருங்கள். ஒரு தலைவர் ஆட்டத்தின் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சூட்டைத்தான் நடத்தலாம். பலகையின் அக்கம்பக்கத்து அறுகோணக் கட்டங்களில் இருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து சுடும்போது ஒவ்வோர் அறுகோணத்திலும் ஒரு தலைவர் இருந்தாக வேண்டும். அப்போதும் அவர்களில் திறன் குறைந்தவருடைய எண்தான் எல்லோருக்கும். ஒரு மந்தமான சார்ஜண்டைச் சேர்த்துக்கொண்டால் மாடியில் இருப்பவரின் மேன்மை அத்தோடு போயிற்று. மேலும் அந்தத் தலைவர் மனம் குலைந்தாலோ விழுந்தாலோ, உடனிருப்பவர்கள் அனைவரும் சோதனைப் பகடை உருட்ட வேண்டும். அந்த மாடியின் மேல் எதிராளி தன் பீரங்கியைத் திருப்பாமல் இருப்பது அவருடைய பெருந்தன்மை என்றே சொல்வேன்.

என் பழக்கம் வேறு. எதிரி வரும்வரை நல்ல தலைவரை மிகப் பலவீனமான செக்‌ஷனோடு வைப்பேன். அவர்கள்தானே முதலில் சுட்டுக் காரியத்தைக் கெடுக்கப்போகிறவர்கள். சூடு தொடங்கிய பின் அவரை இயந்திரத் துப்பாக்கிக்கு நகர்த்துவேன். நகர்வதற்கு மறைவான வழி இருந்தால்தான் இது நடக்கும், அந்த வழியை ஆட்டம் தொடங்குமுன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். 1962 சீனப் போரில், நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் 13ஆவது குமாவோன் படைப்பிரிவின் கம்பெனிக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஷைத்தான் சிங், உயிரைப் பொருட்படுத்தாமல் ஒரு பிளட்டூன் நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தார் என்பதை அவருக்கு வழங்கிய பரம்வீர் சக்கர விருதுக் குறிப்பே பேசுகிறது. அப்படி நடந்தபோதுதான் அவர் காயம்பட்டார். ஆட்டத்திலும் நகரும் தலைவருக்கு அந்த ஆபத்து உண்டு.

எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்தில் வந்தவாசிச் சண்டையை அறுகோணக் கட்டத்தாளில் ஆட்டமாக அமைக்கிறோம். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் பிரெஞ்சுத் தளபதி லாலிக்கும் தலைமை எண் எப்படித் தருவது? மாணவர்கள் தினமும் சண்டை பிடிக்கிறார்கள்.
— வரலாற்று ஆசிரியை, ஆரணி

சண்டை பிடிக்கட்டும் அம்மா, நல்ல சண்டை. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான களம் உங்களுக்குக் கிடைக்காது.

1760 ஜனவரி 22 அன்று நடந்ததில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு காட்சிகள். முதலாவது: லாலி தன் குதிரைப்படையை முன்னேறச் சொன்னபோது அவர்கள் முதலில் மறுத்தார்கள். அவர் கோழையல்லர், தானே முன்னால் நின்றவர். ஆனால் பின்னால் வருவதற்கு ஆள் இல்லை. இரண்டாவது: பிரெஞ்சுக்காரரின் லொரேன் ரெஜிமெண்ட் நெருக்கமான நீளணியாகத் திரண்டு பயனெட்டோடு (துப்பாக்கி முனைக் கத்தியோடு) பாய்ந்து வந்தபோது, கூட்டின் ரெஜிமெண்ட் சுமார் 50 கஜம் வரும்வரை சூட்டை அடக்கி வைத்திருந்து சுட்டது. பிறகு கைகலப்பு, லொரேன் உடைந்தது.

இந்த 50 கஜத்தை மாணவர்களுக்குக் கணக்காகவே காட்டலாம். அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியைத் தேர்ந்த வீரர் நிமிடத்துக்கு மூன்று தடவை சுடுவார். அதாவது மறுபடி நிரப்ப 20 விநாடி. 50 கஜத்தை ஓடிக் கடக்க அவ்வளவுகூட ஆகாது. ஆக அந்தத் தூரத்தில் சுடுபவருக்கு இன்னொரு சூடு கிடையாது, எல்லாவற்றையும் ஒன்றில் வைத்துவிடுகிறார். 150 கஜத்தில் சுட்டால் இரண்டு மூன்று தடவை சுடலாமே என்று ஒரு மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். நிதானமாக நிரப்பி வைத்த முதல் குண்டுக்கு இருக்கும் நேர்த்தி, பதற்றத்தில் நிரப்பிய அடுத்த குண்டுக்கு இல்லை; முதல் சூட்டின் புகை கண்ணை மறைக்கும்; அந்தத் துப்பாக்கிக்கு 100 கஜத்துக்கு அப்பால் குறி என்பதே பெரும்பாலும் அதிர்ஷ்டம். எனவே ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ‘முதல் சூடு’ என்று ஒரு வில்லை கொடுங்கள்; அதன் பலம் மற்றச் சூடுகளைப்போல் இரண்டு மடங்கு. எதிரி 150 கஜத்துக்குள் வந்ததும் சோதனை தொடங்கட்டும், முதல் பதிலில் சொன்ன அதே 7 விதி போதும். தோற்றவர் வில்லையை அப்போதே செலவழிக்க வேண்டும்.

லாலிக்கு எண் கொடுக்கும்போது துணிவையும் அடக்கி ஆளும் திறனையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். துணிவில் அவருக்கு +2 கொடுக்கலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அடக்கி ஆள்வதில் தன் காலாட்படைக்கு 0, குதிரைப்படைக்கு −2. கூட்டுக்கு இரண்டிலும் +1 போதும். +3 என்று ஏற்றிவிட்டால் அது அவருக்குக் கோயில் கட்டுவது போல ஆகிவிடும், ஆட்டமும் செத்துவிடும். பிரெஞ்சுக்காரர் பக்கம் வெடிமருந்து வண்டி ஒன்று குண்டுபட்டு வெடித்துப் பெருங்குழப்பம் ஆனதையும் மறக்க வேண்டாம். அதற்குத் தலைமை எண் காரணமில்லை, ஒரு தனிப் பகடை வையுங்கள்.

ஆர்க்காட்டு முற்றுகையில் கிளைவ் தானே பீரங்கியை இயக்கினார் என்று படித்திருக்கிறேன். தலைவர் தானே சுடுவதற்கு ஆட்டத்தில் கூடுதல் புள்ளி தரலாமா?
— ஒரு வாசகர், ஆர்க்காடு

தர வேண்டாம். 1751இல் அகழியில் மிதவை கட்டி எதிரிகள் வந்தபோது அங்கிருந்த பீரங்கிக்காரர்களுக்குக் குறி சரிவரவில்லை என்றுதான் அவர் அதைத் தன் கையில் எடுத்தார். அந்தச் சில நிமிடம் மதிலின் மற்ற உடைப்புகளில் அவர் இல்லை. ஆட்டத்தில் அதையே விலையாக வையுங்கள்: தானே சுடும் தலைவர் அந்த முறை வேறு யாருடைய சூட்டையும் நடத்த முடியாது. முற்றுகையைக் காத்த வேலை உண்மையில் இன்னும் அடக்கமானது; பின்வரிசையில் இருந்தவர்கள் துப்பாக்கியை நிரப்பி நிரப்பி முன்வரிசைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆர்க்காட்டு டெல்லி வாசலைத் தாண்டிப் போகும்போது எனக்கு நினைவு வருவது அந்தப் பெயர் தெரியாத பின்வரிசைதான்.

தலைவர்கள் எல்லோரும் விழுந்துவிட்டால் சூட்டுக் கட்டுப்பாடு என்ன ஆகும்? எங்கள் ஆட்டத்தில் அந்தப் பிரிவை அப்படியே பலகையிலிருந்து எடுத்துவிடுகிறோம்.
— இளைஞர் ஒருவர், தோட்டப்பாளையம்

எடுக்காதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வேலூர்க் கோட்டை இருக்கிறது. 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆங்கிலேயரின் 69ஆவது ரெஜிமெண்டில் எஞ்சிய சுமார் 60 பேர் மதிலின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை நடத்தியவர்கள் சார்ஜண்டுகளும் இரண்டு உதவி மருத்துவர்களும். படை நடத்தும் பயிற்சியே இல்லாத மருத்துவர்கள்! கலையவில்லை. ஆனால் ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரையில் வந்து சேர்ந்தபோது அவர்களிடம் தோட்டா இல்லை.

இதை ஆட்டமாக்கினால் இப்படிச் செய்வேன். அதிகாரி விழுந்தால் அடுத்த நிலையில் இருப்பவர் எழுவதற்கு ஒரு முறை கழிய வேண்டும். அந்த முறையில் பிரிவு தன் விருப்பப்படி கண்ணில் பட்டவரைச் சுடும், தோட்டாக் கணக்கு இரட்டிப்பாகக் குறையும். எழுபவருக்குத் தலைமை எண் 0. இடத்தை விட்டு ஓடாமல் நிறுத்த அது போதும், தோட்டாவைச் சிக்கனப்படுத்தப் போதாது. எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்யுங்கள்: கோட்டையைக் கைப்பற்றிய சிப்பாய்களில் பலர் கொள்ளையில் சிதறிப்போனார்கள் என்று ஆங்கிலேயர் குறிப்புகள் கூறுகின்றன. அவர்களுக்கு ஒரே தளபதியைக் கொடுக்காமல், இரண்டு அறுகோண தூரத்துக்கு மட்டும் குரல் எட்டும் சுபேதார்களையும் ஜமேதார்களையும் கொடுங்கள். கில்லெஸ்பிக்குச் சூட்டு எண்ணே வேண்டாம். கயிற்றைப் பிடித்து மதிலேறி, தோட்டா இல்லாத அந்த 60 பேரையும் பயனெட்டோடு மதில்மேல் நடத்திக்கொண்டு போனவர் அவர். அவருடைய வில்லையில் ஒரு +2 எழுதி, கைகலப்புக்கு மட்டும் செல்லும் என்று குறித்துவிடுங்கள். பின்னால் வரும் குதிரைப் பீரங்கிகள் வாசலை உடைக்க எத்தனை முறை ஆகும் என்பதை நீங்களே ஆடிப்பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.